அம்பு அழிந்த எட்டுக் கற்கள்

உங்க அண்ணன் பணி ஓய்வு பெறுகிறார், ஒரு சின்ன விழா மலர் போடுகிறோம், அவரைப் பற்றி நீங்கதான் பத்து வரி எழுதித் தரணும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கூடப் பிறந்தவள், ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கிறவள், வேறு யாரைக் கேட்பார்கள்? எழுதிக் கொடுத்தேன். சிரித்த முகம், நேர்மையான உழைப்பு, முப்பத்தாறு வருடச் சேவை என்று உப்புச் சப்பில்லாமல் பத்து வரி. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எழுதாமல் விட்டதில்தான் எல்லாம் இருந்தது. விழா முடிந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. விட்டதை இப்போது எழுதுகிறேன். படிக்கிறவர்கள் என்னைத் திட்டலாம், நான் தடுக்கப் போவதில்லை.

அந்தக் கட்டடத்தில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவன் ‘முப்பது’. நிலவியல் துறையில் அவன் கல் சீவுகிறவன். மலையிலிருந்து கொண்டுவரும் பாறையை வைர அரம்பத்தில் தீப்பெட்டி அளவுக்கு அறுப்பான். ஒரு முகத்தை வழவழவென்று தேய்த்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டுவான். பிறகு மறுபக்கத்தை அறுத்துத் தள்ளிவிட்டு, மிஞ்சியதை மாவு மாதிரியான உராய்வுப்பொடி போட்டுத் தேய்த்துத் தேய்த்து முப்பது மைக்ரானுக்குக் கொண்டுவருவான். முப்பது மைக்ரான் என்றால் தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது. அந்த அளவுக்கு வந்துவிட்டால் கருங்கல்லுக்குள்ளும் வெளிச்சம் போகும், நுண்ணோக்கியில் வைத்தால் கல்லின் உள்ளே இருக்கும் மணி மணியான கனிமம் எல்லாம் கலர் கலராகத் தெரியும். ஒரு மைக்ரான் கூடினால் நிறம் மாறிவிடும், இரண்டு தேய்ப்பு அதிகமானால் கல்லே காணாமல் போய்விடும். மற்றவர்கள் அளக்கக் கருவி வைத்திருந்தார்கள். இவன் விரலால் தடவிப் பார்த்து, “இன்னும் நாலு இழுப்பு” என்பான். சரியாக நாலு இழுப்புதான் இருக்கும்.

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் அவன். இருபத்திரண்டு வயதில் அந்த அறையைக் கூட்டிப் பெருக்கத்தான் போய்ச் சேர்ந்தான். அப்போது அங்கே கல் சீவிக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஒரு மாதத்துக் கல் மலைபோல் கிடந்தது. இவன் துடைப்பத்தை ஓரமாகச் சாத்திவிட்டு ஒரு கல்லை எடுத்து, தானே அறுத்து, தானே ஒட்டி, தானே தேய்த்துத் துறைத் தலைவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தானாம். அவர் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்காமலே, “யார் செஞ்சது இது? நாளையிலேர்ந்து பெருக்கறதுக்கு வேற ஆளைப் பாருங்க” என்றாராம். இந்தக் கதையை அவன் எங்கள் வீட்டில் நூறு தடவையாவது சொல்லியிருப்பான். சொல்லும்போதெல்லாம் அண்ணி, “போதும், காது புளிச்சுப் போச்சு” என்பாள். ஆனாலும் அவன் நிறுத்தமாட்டான்.

என்னை அங்கே சேர்த்துவிட்டவனும் அவன்தான். என் வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டுப் போன வருஷம் அது. நான் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் ஒரு காலை வந்து, “எந்திரி, முகத்தைக் கழுவு, வேலைக்குப் போறோம்” என்றான். நேராகத் துறைத் தலைவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

“என் தங்கச்சிங்க. வாய் கொஞ்சம் நீளம். ஆனா வேலை சுத்தமா இருக்கும். அதுக்கு நான் ஜவாப்தாரி.”

தலைவர் சிரித்துக்கொண்டே மாதிரி அறையைக் கொடுத்தார். தற்காலிக வேலைதான், மூன்று வருடம் போனால் நிரந்தரம் ஆகும். உள்ளே வரும் கல்லைக் கழுவ வேண்டும், எண் பார்த்து அலமாரியில் அடுக்க வேண்டும், சீவுவதற்கு அண்ணன் அறைக்கு அனுப்ப வேண்டும், அறுத்தது போக மிஞ்சும் பாதியைத் திரும்ப வாங்கி வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அண்ணன் எனக்காக ஜவாப்தாரி என்று சொன்ன வார்த்தை அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நான் சேர்ந்த மூன்றாம் மாதம் மேடம் எட்டுக் கற்கள் கொண்டுவந்தார். மேடம் என்றால் எங்கள் துறையில் ஒருவர்தான் மேடம். மற்றவர்கள் எல்லாம் சார். ஒல்லியாக இருப்பார், பூட்ஸில் சேறு காயவே காயாது, டீக்கு இரண்டு சர்க்கரை போதாது மூன்று கேட்பார். ஆராய்ச்சிக்காரர்களில் பலரும் கல்லை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் மட்டும் அண்ணன் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். நானும் டீ கொண்டுபோகும் சாக்கில் அங்கே போய்விடுவேன்.

“மேடம், எப்பப் பாரு ஓரோஜெனி ஓரோஜெனின்னு சொல்றீங்களே, அது யாரு, உங்க கூடப் படிச்சவங்களா?” என்று அண்ணன் ஒருநாள் கேட்டான்.

மேடத்துக்குச் சிரிப்பில் டீ புரையேறிவிட்டது. “மலைப் பிறப்பு, முப்பது. கிரேக்கத்துல ஓரோஸ்னா மலை. ஜெனெசிஸ்னா பிறப்பு. ரெண்டையும் சேர்த்து ஒரு சொல்லாக்கிட்டாங்க. நம்ம புத்தகத்துல மலையாக்கம்னு போட்டிருப்பாங்க. ரெண்டு நிலம் ஒண்ணோட ஒண்ணு மோதும். நடுவுல மாட்டின பாறையெல்லாம் மடிஞ்சு, நசுங்கி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடும். பல கோடி வருஷம் நடக்கும் அது.”

“அப்ப நானும் என் தங்கச்சியும் பிரசவ வார்டுலதான் வேலை பாக்கறோம்னு சொல்லுங்க.”

“நீங்க வேற! குழந்தை பொறந்து, வளர்ந்து, கிழமாகி, செத்து, எலும்பும் கரைஞ்ச பிறகுதான் நாம உள்ள வரோம். அந்த மலை எப்பவோ தேஞ்சு தரையாயிடுச்சு. அடியில கிடந்த கல்லு மட்டும்தான் மிச்சம். இங்க ஒரு மலை இருந்துச்சு, அது இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் ஏறுச்சுன்னு அந்தக் கல்லுதான் சொல்லணும்.”

ஒவ்வொரு மலைப் பிறப்புக்கும் ஒரு பெயர் உண்டு என்றார். ஒன்றுக்கு வரிஸ்கன் என்று பெயராம். ரோமானியர் காலத்தில் அந்தப் பக்கம் வாழ்ந்த வரிஸ்கி என்ற குடியின் பெயரை எடுத்து வைத்தார்களாம். அதையே வேறு சிலர் ஹெர்சீனியன் என்பார்களாம். அது பழைய ஏடுகளில் வரும் ஒரு பெரிய காட்டின் பெயர். எனக்கு வாய் சும்மா இருக்குமா? “முப்பது கோடி வருஷத்துக்கு முந்தின மலைக்கும் நேத்து வந்த மனுஷங்களுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?” என்றேன். “ஒரு சம்பந்தமும் இல்ல. கல்லைப் படிச்சவங்களுக்கு அந்த இடத்துல கிடைச்ச பேரு அதுதான். பேர் வெச்சா நின்னுடும்” என்றார் மேடம். பிறகு குரலைத் தாழ்த்தி, “எனக்கும் ஒண்ணு கிடைக்கும்போல இருக்கு” என்றார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. நாற்பத்தைந்து வயதில் ஒரு பெண் அப்படிக் கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். எங்கள் பகுதியில் இருந்த பழைய மலை மேற்கிலிருந்து கிழக்காக ஏறியது என்று எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. ஒரு ஓடைப் படுகையில் மட்டும் அதைவிடவும் பழைய பாறை ஒன்று தலைகாட்டுவதை மேடம் கண்டுபிடித்திருந்தார். அந்தப் பாறை வேறு திசையைச் சொன்னால், அது வேறு மலை. யாருக்கும் தெரியாத, அதற்கும் முந்திய மலைப் பிறப்பு. திசை எப்படித் தெரியும்? நசுங்கிய கல்லுக்குள் கண் மாதிரி மணிகள் இருக்கும், அவற்றுக்கு இரண்டு பக்கமும் வால் வளைந்திருக்கும். வால் வளைந்திருப்பதைப் பார்த்து மேல்பக்கம் எங்கே நகர்ந்தது என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் கல் பூமியில் எப்படிப் படுத்திருந்தது என்று தெரிய வேண்டும். அதனால் உடைத்தெடுக்கும் முன்பே அதன் மேல்முகத்தில் வடக்கைக் காட்டி ஓர் அம்பு போட்டுவிடுவார்கள். அம்பு இல்லாத கல் வெறும் ஜல்லி.

மேடம் எட்டுக் கல்லிலும் அம்பு போட்டிருந்தார். ஆனால் அன்று ஓடையில் பெயிண்ட் தீர்ந்துவிட்டதால் மார்க்கர் பேனாவால் போட்டிருந்தார்.

நான் அந்தக் கற்களைக் கழுவினேன். எல்லாக் கல்லையும் எப்படிக் கழுவுவேனோ அப்படித்தான், கம்பி பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போட்டு, சேறு போக நன்றாகத் தேய்த்தேன். வேலை சுத்தமாக இருக்கும் என்று அண்ணன் சொல்லியிருந்தான் அல்லவா? நிமிர்ந்து பார்த்தபோது எட்டுக் கல்லிலும் அம்பின் முனை போயிருந்தது. தடிமனாக இழுத்திருந்த நடுக்கோடு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கோடு இருக்கிறது, எந்த முனை வடக்கு என்று தெரியவில்லை.

மேடம் மறுபடி மலைக்குப் போயிருந்தார். இரண்டு வாரம் கழித்துத்தான் வருவார். ஒரு போன் போட்டிருக்கலாம். ‘மேடம், தெரியாம அழிச்சுட்டேன்’ என்று நாலு வார்த்தை. திட்டியிருப்பார், பிறகு மறுபடி போய் எட்டுக் கல் எடுத்து வந்திருப்பார், விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். வாய் நீளம் என்று பெயர் வாங்கிய எனக்கு அன்று வாய் வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்ற பயம். அதைவிட, எனக்காக ஜவாப்தாரி என்று சொன்னவன் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம்.

ஒவ்வொரு கல்லிலும் கோட்டின் ஒரு முனையில் எண் எழுதிய சீட்டு ஒட்டி, மேலே டேப் போட்டிருந்தது. அலமாரியில் இருந்த மற்றவர்களின் கற்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சீட்டு அம்பின் முனையில்தான் இருந்தது. அப்பாடா என்று இருந்தது. கறுப்புப் பெயிண்ட் எடுத்து, எட்டுக் கல்லிலும் சீட்டு இருந்த பக்கமாக முனை போட்டேன். காய்ந்ததும் அண்ணன் அறைக்கு அனுப்பினேன்.

பிறகுதான் தெரிந்தது, மேடம் மட்டும் சீட்டை வால் பக்கம் ஒட்டுகிறவர் என்று. அடுத்த மாதம் அவர் கொண்டுவந்த கற்களில் பார்த்தேன். அதற்குள் அண்ணன் எட்டையும் சீவி முடித்திருந்தான். மேடம் நுண்ணோக்கியிலிருந்து துள்ளி எழுந்து வராந்தாவில் ஓடிவந்து, “முப்பது! மேற்கு! எட்டும் மேற்கு!” என்று கத்தியதை நானே பார்த்தேன். அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னையும் கட்டிப்பிடித்தார். சீட்டு விஷயம் அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மேடம் அந்த ஓடையின் பெயரையே அந்த மலைப் பிறப்புக்கு வைத்தார். பெரிய பத்திரிகையில் கட்டுரை வந்தது. கட்டுரையின் கடைசியில், இந்தச் சீவல்களைச் செய்துகொடுத்த கைக்கு நன்றி என்று அண்ணன் பெயரையும் போட்டிருந்தார். அவன் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினான். வருகிறவர்களை எல்லாம் அதன் முன்னால் நிறுத்தி, “ஒரு மலைக்குப் பேர் வெச்சிருக்கோம்” என்பான். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அவன் மகள் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்ல, யாரும் நம்பவில்லை என்று அழுதுகொண்டு வந்தாள். நான் அந்தக் கூடத்தில் உட்காரும்போதெல்லாம் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருவேன்.

கட்டுரை வந்த அடுத்த வருடம் வேறு ஒரு பல்கலைக்கழகத்துக்காரர்கள் அதே ஓடைக்குப் போனார்கள். நாற்பது கல் எடுத்தார்கள். நாற்பதும் கிழக்கு. பழைய புத்தகத்தில் இருந்த அதே மலை. புதிய மலைப் பிறப்பு என்று ஒன்று கிடையவே கிடையாது என்று எழுதிவிட்டார்கள்.

செய்தி காலை பத்து மணிக்கு வந்தது. எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் நாலு மாதம் இருந்தது. இனி எழுதப் போவதுதான் எனக்கு எழுதக் கூசுகிறது. முதலில் செய்தது தவறு. அன்று செய்தது வேறு. அறுத்தது போக மிஞ்சிய எட்டுப் பாதியும் என் அலமாரியில்தான் இருந்தன, நான் போட்ட கறுப்பு அம்போடு. மேடத்தின் குறிப்பேட்டில் வரைந்திருந்த படத்தையும் அவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். பின்வாசலில் பாதை போட ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது எட்டையும் ஒரு வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் குவியலில் கொட்டினேன். மறுநாள் ரோலர் ஓடியது, அதற்கு அடுத்த வாரம் கான்கிரீட் போட்டார்கள்.

விசாரணையில் மிச்சப் பாதி எங்கே என்று தலைவர் கேட்டார். பழசைக் கழித்தபோது போயிருக்கும் என்றேன். என்னை அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. முப்பதின் தங்கச்சியை யார் சந்தேகப்படுவார்கள்? மேடத்தின் குறிப்பேடு சரியாக இருந்தது. இடையில் கல்லை அறுத்து ஒட்டியவன் ஒருவன்தான். கண்ணாடியில் ஒட்டும்போது புரட்டி ஒட்டிவிட்டால் கிழக்கு மேற்காகிவிடும். இது எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் சண்டை போடுவான் என்று நினைத்தேன். மேஜையைத் தட்டி, என் கை தப்பாது என்பான் என்று நினைத்தேன். அவன் கொஞ்ச நேரம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நான்தான் இருக்கணும் சார்” என்றான். மேடம் உடனே, “யார் தப்பும் இல்ல, நான் ரெண்டாவது தடவை சரி பார்த்திருக்கணும்” என்றார். அந்தப் பெயரைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு இரண்டு பத்தி எழுதி அனுப்பிவிட்டு, அந்த வருடமே வேறு ஊரில் ஒரு சின்னக் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போய்விட்டார். அண்ணனை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. அவனே கேட்டுச் சாவி அறைக்கு மாறிக்கொண்டான். கல் சீவும் வேலை வெளியாட்களுக்குப் போயிற்று. கூடத்தில் மாட்டியிருந்ததையும் அவனே கழற்றினான்.

எனக்கு நாலு மாதத்தில் வேலை நிரந்தரமாயிற்று. முதலில் வந்து வாழ்த்தியவன் அவன்தான்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம். சாவி அறையில் ஒரு சாவியை எடுத்துக் கொடுக்கும் முன் எண்ணை மூன்று தரம் படிப்பான். வீட்டில் ஆணி அடிக்க ஆள் கூப்பிட்டான். முகச்சவரத்துக்குக் கடைக்குப் போனான். ரேடியோ, மிக்ஸி, குடை என்று எதைக் கொடுத்தாலும் சரிசெய்கிறவன், பல்பு மாற்றக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்தான். “உங்களுக்கு என்னதான் ஆச்சு?” என்று அண்ணி கத்துவாள். “என் கையை நம்ப முடியாதும்மா” என்பான். விளையாட்டாகச் சொல்கிறான் என்று கொஞ்ச நாள் நினைத்தோம்.

இன்னொன்றும் நடந்தது. முதல் வருடம், ‘நான்தான் இருக்கணும்’ என்றான். இரண்டாம் வருடம், “ஒட்டிக்கிட்டு இருக்கறப்ப ஒரு போன் வந்துச்சுன்னு நினைக்கறேன், எழுந்து போனேன்” என்றான். ஐந்தாம் வருடம் அது எந்த போன், யார் பேசியது, அப்போது மணி பதினொன்றரை என்பதெல்லாம் வந்துவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்ததும், தட்டை இடது கையால் புரட்டியதும் அவன் கண்முன்னால் நடக்கிற மாதிரி சொல்வான். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். எதிரில் உட்கார்ந்து உம் கொட்டிக்கொண்டிருப்பேன். சீ, நானும் ஒரு மனுஷி.

சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று நாள் தள்ளினேன். அவன் மகள் கல்யாணம் முடியட்டும் என்றேன். அண்ணிக்கு ஆபரேஷன் முடியட்டும் என்றேன். கடைசியில் அவன் ஓய்வு பெறும் தேதி வந்துவிட்டது. அந்த மாதம் முழுக்க எனக்கு ஒரே நினைப்புதான். தன் கை தப்பான கை என்ற எண்ணத்தோடு அவன் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போய்விடக் கூடாது. என்னைக் காறித் துப்பினாலும் பரவாயில்லை, அவன் கை அவனுக்குத் திரும்பிக் கிடைக்க வேண்டும்.

விழாவுக்கு மேடமும் வந்திருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது, பூட்ஸில் சேறு மட்டும் இருந்தது. எல்லோரும் பேசி முடித்ததும் அண்ணன் எழுந்தான். நன்றி சொல்லிவிட்டு உட்காருவான் என்று பார்த்தால், மேடம் பக்கம் திரும்பிக் கைகூப்பினான்.

“மேடம், ஒரு மலைக்கு நீங்க பேர் வெச்சீங்க. என் கையால அது போச்சு. இத்தனை வருஷமா உங்க முகத்தைப் பாத்துக் கேக்கத் தைரியம் வரல. இன்னிக்கு எல்லார் முன்னாடியும் கேக்கறேன். என்னை மன்னிச்சுடுங்க.”

நான் எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “அவன் பண்ணல! நான் பண்ணேன்!” என்று கத்தினேன். மார்க்கர் அழிந்தது, சீட்டு, கறுப்புப் பெயிண்ட், வாளி, ஜல்லி எல்லாவற்றையும் சொன்னேன். முன்னும் பின்னுமாக, அழுகையும் பேச்சுமாகச் சொன்னேன்.

அண்ணன் மேடையிலிருந்து இறங்கி வந்து என் தலையில் கை வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

“பாத்தீங்களா சார், என் தங்கச்சியை? எனக்குக் கெட்ட பேர் வரக் கூடாதுன்னு தன் தலையில தூக்கிப் போட்டுக்கறா. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான், நான் கண்ணாடியை உடைச்சா இவ அடி வாங்கிப்பா.”

“இல்லண்ணா, நெசமா—”

“சும்மா இரு, கழுதை. போன் வந்தது எனக்கா உனக்கா? மணி பதினொண்ணரை, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். எனக்காகத் தட்டினார்கள். அண்ணி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, “உன்னை மாதிரி ஒரு நாத்தனார் யாருக்கு வாய்க்கும்” என்று அழுதாள். நான் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். திட்டுவார்கள் என்று வந்தவளுக்குக் கைதட்டல் கிடைத்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மேடம் மட்டும் கைதட்டவில்லை. கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்து, “சீட்டு எந்தப் பக்கம் இருந்துச்சு?” என்று கேட்டார். “வால் பக்கம் மேடம். எனக்குத் தெரியாம அதை முனைன்னு நினைச்சுட்டேன்” என்றேன். என்னை ஓங்கி ஒன்று அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மேடம் நேராக அண்ணனிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

“முப்பது, அவங்க சொல்றது உண்மை.”

“நீங்களுமா மேடம்? ரெண்டு பேரும் சேர்ந்துகிட்டு என்னைத் தேத்தறீங்களா?”

“நான் சீட்டை வால் பக்கம் ஒட்டறவ. அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்த எட்டுக் கல்லுலயும் முனையை எங்க போட்டாங்கன்னு அவங்க சொல்றாங்க பாருங்க, அப்படிப் போட்டிருந்தா மட்டும்தான் எட்டும் மேற்கா வரும். நீங்க புரட்டி ஒட்டியிருந்தா ஒண்ணு தப்பும், ரெண்டு தப்பும். எட்டும் எப்படித் தப்பும்? உங்க கை எட்டு தடவை தப்பற கையா?”

அண்ணன் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு போய்விட்டது. “போன் வந்துச்சு மேடம்” என்றான். குரல் இறங்கியிருந்தது. மேடம் அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

அண்ணியை மகள் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். அண்ணன் வரமாட்டேன் என்றுவிட்டான், பஸ்ஸிலேயே போகலாம் என்றான். பதினாலு வருடமாக நானும் அவனும் ஒரே பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போகிறோம். நிறுத்தத்தில் போய் நின்ற பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

“நெசமா?”

“நெசம்ணா.”

“எட்டையுமா?”

“எட்டையும்தான்.”

அவன் தலையை ஆட்டினான். கோபம் வரும், வரட்டும் என்று காத்திருந்தேன். கோபம் வரவில்லை.

“பேத்தி பொறந்தப்ப ஆஸ்பத்திரியில எல்லாரும் தூக்கினாங்க. நீகூடத் தூக்கின. என்கிட்ட நீட்டினப்ப வேணாம்னுட்டேன். கை தவறிடுமோன்னு பயம். அதுக்கப்புறமும் தூக்கல. மடியில உக்கார வெச்சுப்பேன், அவ்வளவுதான். இப்ப அவளுக்கு ஏழு வயசு ஆயிடுச்சும்மா. கனமா இருக்கா. இனிமே தூக்க முடியாது.”

நான் அவன் கையைப் பிடிக்கப் போனேன். அவன் கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

“அந்தத் தப்பு என்னுதாவே இருந்துட்டுப் போகட்டும். என்னுதுன்னா நான் செஞ்சதுக்கு நான் அனுபவிச்சேன்னு ஆகும். உன்னுதுன்னா, நான் அவளை எதுக்குத் தூக்காம இருந்தேன்?”

பஸ் வந்தது. எப்போதும் போல என்னை முதலில் ஏறச் சொன்னான். நான் ஏறித் திரும்பிப் பார்த்தேன். அவன் கீழேயே நின்றான்.

“நீ போ. நான் அடுத்ததுல வரேன்” என்றான். எங்கள் இரண்டு பேர் வீடும் ஒரே தெருவில்தான் இருக்கிறது.